லெக் அம்பயர் சும்மா நிற்கிறவர் இல்லை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் நடக்கிற மென்பந்து (டெனிஸ் பந்து) கிரிக்கெட் சுற்றுப்போட்டிகளின் நோட்டீசை எடுத்துப் பாருங்கள். அணிக்கு 11 பேர், சில இடங்களில் 8 பேர். ஓர் அணிக்கு 5 ஓவர் அல்லது 6 ஓவர். எல்.பி.டபிள்யூ. (பந்து காலில் பட்டு அவுட் ஆவது) பெரும்பாலும் கிடையாது. கடைசி வரியில் நடுவரின் தீர்ப்பே இறுதியானது என்று இருக்கும். அந்த எல்.பி.டபிள்யூ. இல்லை என்ற ஒரு வரியால் ஆட்டத்தின் பாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடுகிறது. போல்ட் ஆனவரும் மேலே தூக்கிக் கொடுத்துப் பிடிபட்டவரும் தாங்களாகவே நடந்துவிடுவார்கள். சண்டை வருவதெல்லாம் ரன் அவுட்டிலும் ஸ்டம்பிங்கிலும்தான். கிரிக்கெட் விதிகளை வகுக்கிற எம்.சி.சி. கழகத்தின் விதிப்படி பந்துவீச்சு முனை நடுவர் எல்லா முறையீட்டுக்கும் பதில் சொல்லலாம், மூன்றைத் தவிர: ஹிட் விக்கெட் (ஆட்டக்காரர் தானே ஸ்டம்பைத் தட்டிவிடுவது), ஸ்டம்பிங், துடுப்பாட்ட முனையில் நடக்கிற ரன் அவுட். இந்த மூன்றும் துடுப்பாட்ட முனைக்குப் பக்கவாட்டில் நிற்கிற மற்ற நடுவரான லெக் அம்பயருக்கு உரியவை. 5 ஓவர் ஆட்டத்தில் ஒரு பிழையான ரன் அவுட் முடிவு ஆட்டத்தையே முடித்துவிடும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு நாம் யாரை அனுப்புகிறோம்? துடுப்பெடுத்தாடுகிற அணியில் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ இறங்க இருக்கும் தம்பியை. அவர் ஒரு கையில் செருப்பும் மறு கையில் போனுமாகப் போய் நிற்பார். தன் முறை வந்ததும் இன்னொருவரைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டுப் போவார். அவர் தன் அணிக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவார் என்பதைத்தான் எல்லோரும் குறையாகச் சொல்கிறோம். என் பார்வையில் அது இரண்டாவது குறை. எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காததுதான் முதல் குறை. எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும் பிழையான இடத்தில் நின்றால் பிழையாகத்தான் தெரியும்.

முதலில் கோடு. பொப்பிங் கிறீஸ் என்பது ஸ்டம்ப் நிற்கிற கோட்டிலிருந்து 4 அடி, அதாவது 1.22 மீற்றர் முன்னால் போடுகிற கோடு. நடு ஸ்டம்புக்கு நேரிலிருந்து இரண்டு பக்கமும் குறைந்தது 1.83 மீற்றருக்கு அதை இழுக்க வேண்டும். அதற்கு அப்பாலும் அந்தக் கோடு முடிவில்லாமல் நீள்வதாகவே விதி கருதுகிறது. சுண்ணாம்புக் கோட்டின் தடிப்பு முழுவதும் கிறீஸ் ஆகாது. ஸ்டம்ப் பக்கத்து ஓரம்தான் கிறீஸ். துடுப்பு அந்த ஓரத்தைத் தாண்டி உள்ளே நிலத்தில் பட்டிருக்க வேண்டும். கோட்டின் மேல் பட்டிருந்தால் அவர் வெளியே. ஆகவே அழிந்த கோட்டை இடையில் புதுப்பிக்கும்போது உள் ஓரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தடிப்பைப் பந்துவீச்சாளர் பக்கமாகத்தான் கூட்ட வேண்டும். அவசரத்தில் கையால் சுண்ணாம்பைத் தூவுகிறவர் உள்பக்கமாக நாலு விரல் அகலம் கூட்டிவிட்டால், அதுவரை உள்ளே என்றிருந்த இடம் வெளியே ஆகிவிடும்.

துடுப்பை நிலத்தில் வைத்து அளந்து கோடு போடுகிற பழக்கமும் நம்மிடம் உண்டு. துடுப்புகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு முனையில் ஒருவருடைய துடுப்பும் மறுமுனையில் வேறொருவருடையதும் அளவாகிவிட்டால் இரண்டு கிறீசும் இரண்டு அளவில் இருக்கும். ஒரு நைலோன் கயிற்றில் 1.22 மீற்றருக்கு ஒரு முடிச்சும் 1.83 மீற்றருக்கு ஒரு முடிச்சும் போட்டு நடுவரின் பையில் வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் இரண்டு முனையையும் சரிபார்த்துவிடலாம்.

இனி நிற்கிற இடம். பலர் ஸ்டம்புக்கு நேராகப் போய் நிற்கிறார்கள். கண்ணுக்கு எடுப்பாகத் தெரிவது ஸ்டம்ப் என்பதால் அது இயல்புதான். ஆனால் நிற்க வேண்டியது பொப்பிங் கிறீசுக்கு நேராக. கோடு முழுதாகத் தெரிந்தால் இந்த வித்தியாசம் பெரிதாகப் பாதிக்காது. கடற்கரையோர மணல் மைதானங்களில் மூன்று ஓவருக்குள் கோட்டின் நடுப்பகுதி காலடியில் அழிந்து, கிட்டிய நுனி மட்டும் வெள்ளையாக மிஞ்சும். அப்போது கணக்கு இப்படி வரும். நீங்கள் 20 மீற்றர் தூரத்தில், ஸ்டம்புக்கு நேராக, அதாவது கிறீசிலிருந்து 1.22 மீற்றர் பின்னால் நிற்கிறீர்கள். அந்தக் கிட்டிய நுனியை வைத்துத்தான் கண் கோட்டை நீட்டிப் பார்க்கும். துடுப்பாட்டக்காரர் பிட்சின் அந்தப் பக்க ஓரமாக ஓடி வந்தால், நுனிக்கும் அவருடைய துடுப்புக்கும் இடையில் 3 மீற்றருக்கு மேல் இருக்கும். உங்கள் பார்வைக் கோடு சாய்வாகப் போவதால், 20 சென்ரிமீற்றர் வெளியே இருக்கிற துடுப்பு உங்களுக்குக் கோட்டைத் தொட்ட மாதிரித் தெரியும். எதிரணி முழுக்க அவுட் என்று கத்தும், நீங்கள் மனச்சாட்சிப்படி இல்லை என்பீர்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. 1.22 மீற்றர் தள்ளி நின்றதால் வந்த வினை அது. ஒவ்வொரு ஓவர் முடிவிலும் உள்ளே போய்க் காலால் கோட்டை ஒருமுறை கீறிவிட்டு வருவது இதற்காகத்தான். கீறும்போதும் உள் ஓரத்தைப் பிடித்துக் கீறுங்கள்.

தூரத்தைப் பொறுத்தவரை சுமார் 20 மீற்றர், அதாவது ஏறக்குறைய ஒரு பிட்சின் நீளம், நல்ல அளவு. அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் கிறீசும் ஸ்டம்பும் மூன்றரைப் பாகைக்குள் அடங்கிவிடும். தலையைத் திருப்பாமல் துடுப்பு உள்ளே வருவதையும் ஸ்டம்ப் கலைவதையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம். 5 மீற்றர் வரை கிட்டே போனால் அது 13 பாகைக்கு மேல் விரியும். கண் ஒன்றைப் பார்க்கும்போது மற்றது தப்பிவிடும். கிட்டே போனால் நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு இந்த இடத்தில் கைகொடுக்காது.

தூரமாகப் போனால் வேறு பிரச்சினை. எல்லைக் கயிற்றடியில் நிழலுக்காக ஒதுங்கி நிற்கிற லெக் அம்பயர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஸ்டம்பில் பந்து பட்ட சத்தத்தை வைத்து முடிவு எடுப்பது பலருடைய வழக்கம். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும். 20 மீற்றரில் நிற்பவருக்கு அது நூறில் ஆறு செக்கன் பிந்தி வரும். 40 மீற்றரில் நிற்பவருக்கு நூறில் பன்னிரண்டு செக்கன். செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் ஓடி வருபவர் அதற்குள் முதலாவது கணக்கில் 35 சென்ரிமீற்றரும் இரண்டாவதில் 70 சென்ரிமீற்றரும் உள்ளே வந்துவிடுவார். சத்தம் கேட்ட நேரத்தில் துடுப்பு எங்கே இருந்தது என்று பார்த்தால் எப்போதும் துடுப்பாட்டக்காரருக்குத்தான் சாதகம். கண்ணால் பார்த்து முடிவெடுங்கள். ஸ்டம்ப் மறைந்து காது ஒன்றுதான் துணை என்றாகும்போது இந்தப் பிந்துதலை மனதில் வையுங்கள்.

பந்து வீசப்படும்போது கால்களை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, கைகளைத் தொடையில் ஊன்றி நில்லுங்கள். இது தோரணைக்காக இல்லை. தலை தாழ்ந்தால்தான் துடுப்பின் அடிக்கும் நிலத்துக்கும் இடையில் உள்ள இடைவெளி தெரியும். நிமிர்ந்து நிற்பவருக்கு, நிலத்திலிருந்து இரண்டு விரல் உயரத்தில் வருகிற துடுப்பும் நிலத்தில் உரசி வருகிற துடுப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். நம்மில் பலர் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள். அதனால் ஸ்டம்பிங் பார்க்கும்போது காலின் எந்தப் பகுதி நிலத்தில் இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். முன்னே எட்டி அடித்தவரின் பின்கால் இழுபடும். குதி மேலே, பெருவிரல் மட்டும் கீழே. அந்தப் பெருவிரல் கோட்டின் மேலேயே நின்றால் அவுட். குதி கிறீசுக்கு உள்ளே காற்றில் இருந்தாலும் அவுட். உள்ளே நிலத்தில் பட்டிருந்தால் மட்டுமே தப்பினார்.

ஓடி வருகிறவருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. 2017ஆம் ஆண்டு எம்.சி.சி. விதிப் புத்தகம் அதைத் தெளிவாக எழுதிவிட்டது. ஓடியோ பாய்ந்தோ வந்து ஒருமுறை கிறீசைத் தாண்டித் துடுப்பையோ உடம்பையோ நிலத்தில் பதித்துவிட்டவர், அதே வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கும்போது துடுப்பு துள்ளி மேலே எழும்பினாலும் கால் இரண்டும் காற்றில் இருந்தாலும் அவுட் இல்லை. நின்ற இடத்தில் காலைத் தூக்கிய ஸ்டம்பிங் ஆளுக்கு இந்தச் சலுகை இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நடக்கிற வாக்குவாதம் ஏராளம்.

சூரியனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் இறுதிப் போட்டி என்றால் பின்னேரம்தான். மைதானத்தில் விக்கெட் வடக்கு தெற்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெற்கு முனையில் வலக்கை ஆட்டக்காரர் நின்றால் லெக் பக்கம் (அவருடைய முதுகுப் பக்கம்) மேற்கு. நடுவருக்கு முதுகில் வெயில், பிரச்சினை இல்லை. அதே வலக்கைக்காரர் வடக்கு முனைக்கு வந்துவிட்டால் லெக் பக்கம் கிழக்காகிவிடும். நடுவர் மேற்கைப் பார்த்து நிற்பார். வாவிப் பக்கம் இறங்குகிற சூரியன் நேரே கண்ணில் குத்தும். அந்த வெளிச்சத்தில் கிறீஸ் கோடு தெரியவே தெரியாது. விதி இதற்கு வழி விட்டிருக்கிறது. லெக் அம்பயர் விரும்பினால் எதிர்ப்பக்கமான ஓப் பக்கம், பொயின்ட்டில் போய் நிற்கலாம். களத்தடுப்பு அணித் தலைவர், துடுப்பாட்டக்காரர், மற்ற நடுவர் ஆகிய மூவருக்கும் சொல்லிவிட்டால் போதும். “தம்பி, வெயில் அடிக்குது, நான் அங்கால பொயின்ட்டில நிக்கிறன்” என்ற ஒரு வசனம்தான் செலவு. இடக்கைக்காரர் வந்தால் இதே கணக்கு தலைகீழாகும். ஆகவே இப்படி நினைவில் வைத்தால் லேசு: நாலு மணிக்குப் பிறகு, லெக்கோ பொயின்ட்டோ, மேற்குப் பக்கம் நில்லுங்கள். காலைப் போட்டி என்றால் கடல் பக்கம், கிழக்கே.

மேற்கே நிற்பதிலும் ஒரு கவனம் வேண்டும். சூரியன் அடிவானத்தை நெருங்கி 5 பாகை உயரத்துக்கு இறங்கிவிட்டால் உங்கள் நிழல் 19, 20 மீற்றர் நீளும். அது போய்ப் பிட்சில் விழும். மறைவதற்கு முன் கடைசி இருபது நிமிடத்தில் அப்படி நடக்கும். ஐந்தாறு மீற்றர் பின்னால் தள்ளி நின்றால் சரி. மின்னொளிப் போட்டியில் சூரியன் இல்லாவிட்டாலும் விளக்குக் கம்பம் இருக்கிறது. உங்களுக்கு நேரெதிரே கம்பம் வராத பக்கத்தைத் தெரிந்தெடுங்கள்.

எல்லா ஓவரையும் ஒரே முனையிலிருந்து போடச் சொல்கிற போட்டிகளில் ஒழுங்கமைப்பாளர் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. பின்னேர ஆட்டத்துக்குத் துடுப்பாட்ட முனையைத் தெற்கே வைத்தால் போதும். பெரும்பாலானவர்கள் வலக்கைக்காரர்கள். லெக் அம்பயர் அங்குமிங்கும் அலையத் தேவையில்லை.

பந்து அடிபட்ட பிறகு வேலை மாறுகிறது. முதலில் பந்து எங்கே போகிறது, யார் எடுக்கிறார் என்று பாருங்கள். எறிவதற்கு அவர் கையை ஓங்கியதும் பந்தை விட்டுவிடுங்கள். கண் உடனே கிறீசுக்கும் ஸ்டம்புக்கும் திரும்ப வேண்டும். பந்து காற்றில் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், அது ஸ்டம்பை அடிக்கும்போதுதான் நீங்களும் அங்கே பார்வையைக் கொண்டுபோவீர்கள். துடுப்பு உள்ளே வந்த கணம் ஏற்கெனவே போயிருக்கும். ஸ்டம்ப் கலைகிற நேரத்தில் உங்கள் கால் அசையக்கூடாது. ஓடிக்கொண்டே பார்த்த கண்ணை நம்ப முடியாது. இரண்டு எட்டுக் குறைவாகப் போனாலும் பரவாயில்லை, நின்று பாருங்கள்.

எறி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துக் கீப்பர் நிற்கிற இடம் மாறும். நீங்கள் ஸ்கொயார் லெக்கில் (லெக் பக்கம், கிறீசுக்கு நேராக) நிற்கிறீர்கள். உங்கள் பின்னாலிருந்து எறி வந்தால் கீப்பர் ஸ்டம்புக்கு அப்பால், உங்களைப் பார்த்தபடி நிற்பார். ஸ்டம்ப் திறந்து தெரியும். ஆனால் நீங்கள் எறிக்குக் குறுக்கே இருப்பீர்கள், அதனால் சில எட்டு விலகிவிடுங்கள். கவர், பொயின்ட் பக்கமிருந்து எறி வந்தால் கீப்பர் ஸ்டம்புக்கு இப்பால் வந்து, உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். ஸ்டம்ப் முழுக்க அவருக்குப் பின்னால் மறைந்துவிடும். இந்த நேரத்தில் கோட்டிலேயே நிற்பதில் பலனில்லை. ஓரிரு எட்டு விலகுவதாலும் பலனில்லை, 20 மீற்றரிலிருந்து ஓர் எட்டு விலகினால் ஸ்டம்பருகே கிடைக்கிற மேலதிகப் பார்வை மூன்று நாலு சென்ரிமீற்றர்தான். ஆறு மீற்றர் உள்ளே வந்து, கிறீசிலிருந்து மூன்று மீற்றர் பந்துவீச்சாளர் பக்கமாக ஒதுங்குங்கள். ஸ்டம்ப் கிறீசுக்குப் பின்னால் இருப்பதால் அந்த ஒதுக்கத்தில் சாய்வு தாராளமாகக் கிடைக்கும். கீப்பரின் கைக்கும் உடம்புக்கும் இடையால் ஸ்டம்ப் தெரியும். கோட்டுக்கு நேரான பார்வையைக் கொஞ்சம் இழக்கிறீர்கள் என்பது உண்மை. அதை ஈடுசெய்ய கோடு புதிதாகத் தெரிய வேண்டும். ஓவருக்கு ஓவர் கீறச் சொன்னதன் அடுத்த காரணம் இது.

கையுறை இல்லாமல் கீப்பிங் செய்கிற ஆட்டம் நம்முடையது. டெனிஸ் பந்து உள்ளங்கையில் பட்டுத் துள்ளும். நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிட்டு வெறுங்கையால் ஸ்டம்பைத் தட்டுகிற காட்சி அடிக்கடி நடக்கும். விதி சொல்வது, ஸ்டம்பைக் கலைக்கிற கையில், புயத்தால் கலைத்தால் அந்தப் புயத்துக்குரிய கையில், பந்து பிடிபட்டிருக்க வேண்டும். பந்து இடக்கையில், தட்டியது வலக்கையால் என்றால் அவுட் இல்லை. இரண்டு கையும் சேர்ந்து பந்தைப் பிடித்திருந்தால் எந்தக் கையால் தட்டினாலும் சரி. ஆகவே நீங்கள் மூன்றைப் பார்க்கிறீர்கள்: துடுப்பு, ஸ்டம்ப், கீப்பரின் கை. முடிவு சொல்வதற்கு முன் பந்து இன்னும் கையில் இருக்கிறதா என்று ஒரு கணம் பார்ப்பதில் நட்டமில்லை.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஸ்டம்பின் மேல் வைக்கிற பெயில்ஸ் நிற்காது. பல போட்டிகளில் ஆரம்பத்திலிருந்தே பெயில்ஸ் வைப்பதும் இல்லை. அப்படி ஆடும்போது பந்தோ, பந்து வைத்திருக்கிற கையோ ஸ்டம்பில் பட்டது என்று நடுவர் திருப்திப்பட்டால் விக்கெட் கலைந்ததாகக் கணக்கு. ஸ்டம்ப் விழத் தேவையில்லை. டெனிஸ் பந்து மெதுவாக உரசிப் போனால் ஸ்டம்ப் லேசாக ஆடும், அவ்வளவுதான். அதைப் பார்க்கக்கூடிய இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும். ஏற்கெனவே மூன்று ஸ்டம்பும் கிளம்பிக் கிடக்கும்போது இரண்டாவது ஓட்டத்தில் ரன் அவுட் எடுக்க வேண்டுமானால், களத்தடுப்பாளர் ஒரு ஸ்டம்பையாவது திரும்ப ஊன்றிவிட்டுப் பந்தோடு அதைக் கலைக்க வேண்டும். நடுவர் பந்து டெட் ஆகும்வரை, அதாவது அந்தப் பந்துக்கான ஆட்டம் முடியும்வரை, ஊன்றிக் கொடுக்கக்கூடாது. இரும்புத் தட்டில் பொருத்திய ஸ்டம்ப் என்றால் முழுத் தொகுதியுமே சரிந்துவிடும், பிடுங்கவும் முடியாது, ஊன்றவும் முடியாது. இதற்கு விதிப் புத்தகத்தில் பதில் தேடாதீர்கள். நாணயச் சுழற்சிக்கு முன் இரண்டு தலைவர்களையும் வைத்து, தட்டு சரிந்து கிடந்தால் பந்து இருக்கிற கையால் ஸ்டம்பைத் தொட்டாலே போதும் என்று பேசி முடித்துவிடுங்கள்.

ஸ்டம்பிங்கில் விரலைத் தூக்குமுன் எதிர்முனை நடுவரின் கையைப் பாருங்கள். நோ போல் என்றால் ஸ்டம்பிங் இல்லை. வைட் என்றால் உண்டு. ப்ரீ ஹிட் வைத்திருக்கிற போட்டியில் அந்தப் பந்துக்கும் ஸ்டம்பிங் இல்லை. கீப்பரையும் பாருங்கள். பந்து துடுப்பிலோ ஆளிலோ படும்வரை, அல்லது ஸ்டம்பைக் கடக்கும்வரை, அல்லது துடுப்பாட்டக்காரர் ஓட முயலும்வரை, அவர் முழுதாக ஸ்டம்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். அவசரக்காரக் கீப்பர்கள் கையை ஸ்டம்புக்கு முன்னால் நீட்டிப் பந்தை வாங்கித் தட்டுவார்கள். அது நோ போல், அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதேபோல, பந்து கையை விட்டுப் போகிற கணத்தில் லெக் பக்கம் கிறீசுக்குப் பின்னால் கீப்பரைத் தவிர இரண்டு பேருக்கு மேல் நின்றால் அதுவும் நோ போல், அதுவும் உங்கள் பொறுப்பு. சிறிய மைதானத்தில் லெக் பக்கமாகவே இழுத்தடிக்கிற ஆட்டத்தில் இது முக்கியமான விதி. ஆட்களை எண்ணுகிற நேரம் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்குமுன்.

எறிந்து போடுகிறார் என்ற குற்றச்சாட்டு மென்பந்தில் ஓயாது. கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து வெளியேறும்வரை முழங்கை மடிந்திருந்து நிமிர்ந்தால் அது எறி. மணிக்கட்டு அசைவது எறி இல்லை. வலக்கைப் பந்துவீச்சாளர் வலக்கை ஆட்டக்காரருக்குப் போடும்போது ஸ்கொயார் லெக்கில் நிற்பவருக்கு அந்தக் கை திறந்து தெரியும். பந்துவீச்சு முனை நடுவருக்குக் காலைப் பார்க்கவே நேரம் சரி. இரண்டு நடுவர்களில் எவரும் நோ போல் சொல்லலாம். முதல் தடவை நோ போலும் எச்சரிக்கையும், அதே இன்னிங்சில் மறுபடி நடந்தால் அவர் அதற்குமேல் பந்துவீச முடியாது. அணித் தலைவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லாமல் இறுதி ஓவரில் திடீரென்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சந்தேகம் இருந்தால் முதல் ஓவரிலேயே சொல்லுங்கள்.

நிலத்தில் குத்தாமல் இடுப்புக்கு மேல் வருகிற புல்டோஸ் விஷயத்தில் முடிவு பந்துவீச்சு முனை நடுவருடையது. ஆனால் உயரம் தெரிவது பக்கவாட்டில் நிற்கிற உங்களுக்கு. ஆட்டக்காரர் கிறீசில் நிமிர்ந்து நின்றால் இடுப்புக்கு மேலே போகுமா என்பதுதான் கேள்வி. இறங்கி ஒரு மீற்றர் முன்னே வந்தவரின் இடுப்பில் பட்ட பந்து, கிறீசுக்கு வரும்போது ஒரு சாணுக்கு மேல் தாழ்ந்துவிடும். மென்பந்தின் புல்டோஸ் மெதுவானது, செங்குத்தாக இறங்கும். அதனால் இந்த வித்தியாசம் பெரிது. போட்டிக்கு முன் இரண்டு நடுவர்களும் சைகை பேசிக்கொள்ள வேண்டும். இடுப்பில் கை வைத்தால் மேலே, கை தொங்கினால் சரி என்று வைத்துக்கொள்ளலாம். ஓவரில் இரண்டு பந்து மிச்சம் என்பதற்கு நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு விரல். பந்தை இருவரும் எண்ணுங்கள். சின்னக் கூழாங்கற்கள் ஆறு சட்டைப்பையில் போட்டு ஒன்றொன்றாகக் கை மாற்றினால் பிசகாது.

குறை ஓட்டத்தையும் விட்டுவிடக்கூடாது. இரண்டு, மூன்று என்று ஓடும்போது உங்கள் முனையில் துடுப்பைக் கோட்டுக்கு உள்ளே வைக்காமல் திரும்புகிறவர்கள் உண்டு. கையை மடித்து விரல் நுனியால் தோளைத் தொடுவது அதற்குரிய சைகை. பந்து டெட் ஆன பிறகு காட்டுங்கள். ஓடுகிறவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கடந்தார்களா என்பதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். இருவரும் வெளியே நிற்கும்போது ஸ்டம்ப் கலைந்தால் அந்த முனைக்குக் கிட்ட இருந்தவரே அவுட். கடந்தார்களா இல்லையா என்பது தெரியாமல் யாரை அனுப்புவது? பிடியில் மட்டும் இந்தக் கணக்கு இப்போது தேவையில்லை. 2022 ஒக்டோபர் 1 முதல் எம்.சி.சி. விதிப்படி, பிடிபட்டவர் போனால் புதியவர்தான் அடுத்த பந்தை எதிர்கொள்ள வேண்டும், ஓவர் முடிந்திருந்தால் தவிர. நம் பக்கத்தில் பல அணிகள் இன்னும் பழைய முறையில் ஆடுகின்றன. எதன்படி ஆடுகிறோம் என்பதை நாணயச் சுழற்சியின்போதே சொல்லிவிடுவது நல்லது.

பந்து நடுவர் மேல் பட்டால் டெட் இல்லை. அவருடைய உடையில் சிக்கிக்கொண்டால் மட்டும் டெட். உங்கள் தோளில் பட்டுத் துள்ளியதைக் களத்தடுப்பாளர் நிலத்தில் படாமல் பிடித்தால் அது முறையான பிடி.

முறையீடு இல்லாமல் விரலைத் தூக்காதீர்கள். முறையீடு வந்ததும் அவசரப்படவும் வேண்டாம். பார்த்ததை மனதில் ஒருமுறை ஓடவிட்டுச் சொல்லுங்கள். பிழையாகச் சொல்லிவிட்டோம் என்று உடனே தெரிந்தால் திருத்தலாம், தாமதிக்காமல் திருத்த வேண்டும் என்பதே விதி. இரண்டு தோள்களையும் கை குறுக்காகத் தொட்டுப் பழைய சைகையை மீளப் பெறலாம். கயிற்றுக்கு வெளியே நின்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லவே வேண்டாம். தலைவர் மரியாதையாக வந்து கேட்டால் “துடுப்பு கோட்டுக்கு மேலதான் நிண்டது, உள்ளுக்கு வரயில்ல” என்று ஒரே வசனத்தில் சொல்லி முடியுங்கள்.

ஆளைத் தெரிவு செய்வது பற்றி ஒழுங்கமைப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் இது. வெபர் மைதானத்திலும் சந்தாங்கேணியிலும் நடக்கிற பெரிய போட்டியானாலும், பெருநாளுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் ஊர்க் கழகம் வைக்கிற ஒருநாள் போட்டியானாலும், துடுப்பாடுகிற அணியிலிருந்து லெக் அம்பயர் எடுப்பதை நிறுத்துங்கள். அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருக்கிற மூன்றாவது அணியிடம் இரண்டு பேரைக் கேளுங்கள். ஒவ்வோர் அணியும் பதிவுசெய்யும்போதே இருவரின் பெயரைத் தர வேண்டும் என்று நோட்டீசில் ஒரு வரி சேர்த்தால் போதும். போட்டி தொடங்கும் காலையில் அவர்களை அரை மணி நேரம் விக்கெட் அருகில் நிறுத்தி, இருவரை ஓடவிட்டு, ஒருவரை எறியவிட்டு, கோட்டுக்கு நேராக நின்று பார்ப்பதையும் கீப்பரின் முதுகு மறைக்கும்போது உள்ளே வந்து ஒதுங்குவதையும் பத்துத் தடவை செய்ய வைக்கலாம். பிரதான நடுவருக்குக் கொடுக்கிற கொடுப்பனவில் ஒரு பங்கு அவர்களுக்கும் சேர வேண்டும். பகல் முழுக்க வெயிலில் நிற்கிறார்கள், தொப்பியும் தண்ணீரும் கேட்காமலே கிடைக்க வேண்டும்.

கடைசிப் பந்தில் வெற்றி ஓட்டம் எடுத்தார்கள் என்று ஒரு பக்கம் மைதானத்துக்குள் ஓடி வரத் தொடங்கும். அப்போதும் உங்கள் கண் கிறீசில் இருக்கட்டும். பந்து இன்னும் டெட் ஆகவில்லை. கீப்பர் பந்தோடு ஸ்டம்பைக் கலைத்து முறையிட்டால், துடுப்பு உள்ளே வந்ததா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.